பழைய எம்டிபி (மவுண்டன் பைக்) ஃபிரேமை வெட்டி பாரம் ஏத்தற சைக்கிள் செய்யலாமா? முன்னாடி பெட்டியா, பின்னாடி நீட்டறதா?

சுமைதாங்கி:

வணக்கம் எல்லாருக்கும். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

தினமும் போக 9 வர 9 கிலோமீட்டர் சைக்கிள்லதான் வேலைக்கு போறேன். போற வழியில சின்னவளை (4 வயசு) விடணும், திரும்பி வரும்போது பெரும்பாலும் ஏதாவது சாமான் இருக்கும், வாரத்துல ரெண்டு நாள் கருவிப் பெட்டி, பலகைன்னு 40 கிலோ வரைக்கும் வந்துடும். இப்போ பின் கேரியர்லதான் எல்லாத்தையும் கட்டறேன், 25 கிலோ தாண்டினாலே முன் சக்கரம் லேசாகி ஹேண்டில்பார் நிக்க மாட்டேங்குது, மேடு ஏறும்போது எழுந்து நின்னு மிதிச்சா வண்டி பாம்பு மாதிரி நெளியுது. குழந்தையை வெச்சிட்டு அப்படி ஓட்ட மனசு வரல.

அதனால நானே ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். கையில இருக்கிறது ஒரு பழைய ஸ்டீல் எம்டிபி (26 இஞ்ச், காந்தம் ஒட்டுது, செக் பண்ணிட்டேன்), ஒரு 20 இஞ்ச் குழந்தைங்க சைக்கிள், வெல்டிங் ராடு போட்டு பண்ற சாதாரண ஆர்க் மெஷின். கேட்டு, கிரில்லு எல்லாம் பத்த வெச்ச பழக்கம் இருக்கு, சைக்கிள் ஃபிரேம்ல கை வெச்சதில்ல.

முன்னாடி பெட்டி வெச்சு நீளமா செய்யறதா, இல்ல பின் சக்கரத்தை பின்னாடி தள்ளி கேரியரை நீட்டறதா? பெட்டி உக்கார்ற தளத்துக்கு என்கிட்ட எல் ஆங்கிள் நிறைய இருக்கு, அதையே ரெண்டு பக்கமும் ஓடவிட்டா போதுமா? பாரம் இல்லாத நாள்லயும் இதே வண்டிதான், அதனால காலியா ஓட்டறப்பவும் நல்லா இருக்கணும்.

பட்டறைவாசி:

தம்பி நல்ல கேள்வி. இதுவரைக்கும் 6 வண்டி செஞ்சிருக்கேன், அதுல முதல் ரெண்டை நானே வெட்டிப் போட்டேன், ஏன்னு சொல்றேன், அதுலயே உங்க எல் ஆங்கிள் கேள்விக்கும் பதில் இருக்கு.

புதுசா செய்யறவங்க எல்லாரும் "உடைஞ்சிடுமோ"ன்னுதான் பயப்படுவாங்க, பயந்துட்டு தடிமனான இரும்பா போட்டு 45 கிலோ வண்டி செஞ்சிடுவாங்க. பாரம் ஏத்தற சைக்கிள் உடையறது அபூர்வம். அது முறுக்கும். நீங்க இடது பெடலை மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் முறுக்கி, வலது மிதிக்கும்போது இன்னொரு பக்கம் முறுக்கி, பாரம் அது பாட்டுக்கு தனியா ஆடும். இப்ப கேரியர்ல உங்களுக்கு நடக்கறதும் இதேதான், நீளம் கூடினா இன்னும் மோசமாகும். என்னோட முதல் வண்டி 100 கிலோவை அசையாம தாங்கிச்சு, ஆனா 15 கிலோமீட்டர் வேகம் தாண்டினா ஓட்ட முடியல.

முறுக்கத்தை தடுக்கறது மூடின குழாய் மட்டும்தான். எல் ஆங்கிள், சி சேனல் மாதிரி திறந்த வடிவம் எதுவும் இதுக்கு ஆகாது. ஒரு காகித அட்டைச் சுருளை எடுத்து ரெண்டு கையால முறுக்கிப் பாருங்க, அசையாது. அதையே கத்தரியால நீளவாக்குல ஒரே ஒரு வெட்டு வெட்டிட்டு முறுக்குங்க, துணி மாதிரி சுத்தும். அதே அட்டை, அதே எடை, ஆனா முறுக்கு தாங்கற சக்தி நூறு மடங்குக்கு மேல குறைஞ்சிடும். என் ரெண்டாவது வண்டியில நான் சேனல் போட்டேன், அந்த அட்டைச் சுருளை அப்பவே யாராவது காட்டியிருந்தா ரெண்டு மாச வேலை மிஞ்சியிருக்கும்.

அடுத்தது குழாயோட விட்டம். முறுக்கு தாங்கறது விட்டத்தோட மும்மடியில ஏறும் (விட்டம் ரெண்டு மடங்கானா எட்டு மடங்கு), சுவர் தடிமன்ல நேரடியாதான் ஏறும். கணக்கா சொல்றேன், 38 மி.மீ வெளிவிட்டம் 1.6 மி.மீ சுவர் இருக்கிற குழாயும், 50 மி.மீ வெளிவிட்டம் 1.2 மி.மீ சுவர் இருக்கிற குழாயும் கிட்டத்தட்ட ஒரே எடைதான், மீட்டருக்கு 1.44 கிலோ. ஆனா 50 மி.மீ குழாய் 1.8 மடங்கு குறைவா முறுக்கும். அதனால நடு முதுகெலும்புக்கு பெரிய விட்டத்துல ஒரே குழாய், அதுக்கு மேல பெட்டியோட தளம், இதுதான் நான் இப்ப செய்யறது.

இன்னொண்ணு, குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) கிடைச்சாதான் செய்வேன்னு காத்திருக்காதீங்க. 4130 குரோமோலிக்கு உடையாத பலம் அதிகம், அதனால மெலிசான சுவர் போட முடியும், அதுல எடை குறையும். ஆனா வளையாத தன்மை எல்லா ஸ்டீலுக்கும் ஒண்ணுதான், சாதாரண இரும்புக் குழாயும் குரோமோலியும் ஒரே அளவுல இருந்தா ஒரே மாதிரிதான் முறுக்கும்.

ரெண்டுபெடல்:

நான் செய்யறவ இல்ல, ஓட்டறவ. முன்பெட்டி வண்டியில மூணு வருஷமா ரெண்டு பிள்ளைங்களை ஏத்திட்டு தினமும் போறேன், அதனால அந்த பக்கம் சொல்றேன்.

4 வயசு குழந்தைன்னா முன்னாடி பெட்டின்னுதான் நான் சொல்லுவேன். கண் முன்னாடி இருக்கா, பேசிக்கிட்டே போகலாம், தூங்கி தலை சாஞ்சா உடனே தெரியும். பின்னாடி இருந்தா சத்தம் வரலேன்னா திரும்பித் திரும்பி பார்க்கத் தோணும், திரும்பும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதைவிட முக்கியம் பாரம் கீழ உக்கார்றது. முன் சக்கரம் 20 இஞ்ச், தளம் தரையிலிருந்து ஒண்ணரை சாண் உயரத்துல இருக்கும், 40 கிலோ ஏத்தினாலும் ஓட்டறப்ப பெருசா தெரியாது. அதே 40 கிலோ கேரியர் உயரத்துல இருந்தா சிக்னல்ல கால் ஊன்றப்போ தெரியும்.

முதல் பத்து நிமிஷம் பயமாத்தான் இருக்கும், சக்கரம் எங்கயோ முன்னாடி இருக்கும், கையைத் திருப்பறதுக்கும் அது திரும்பறதுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி தோணும். முன் சக்கரத்தைப் பார்க்காம தூரமா பார்த்து ஓட்டினா சரியாயிடும். காலியா இருக்கிற இடத்துல ஒரு சாயந்திரம் போதும், ஆனா குழந்தையை ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு வாரம் மூட்டை வெச்சு பழகுங்க.

கெட்டதையும் சொல்லிடறேன். நீளம் ரெண்டரை மீட்டர் கிட்ட வரும், படிக்கட்டுல தூக்க முடியாது, குறுகலான இடத்துல ஒரே வீச்சுல திரும்ப முடியாது, நிறுத்த இடம் வேணும். உங்க வீட்டு வாசல்ல அவ்வளவு இடம் இருக்கா, திருப்ப முடியுமான்னு முதல்ல அளந்து பாருங்க.

அப்புறம் ஸ்டாண்டு. செய்யறவங்க இதைக் கடைசியில யோசிக்கிறாங்க, ஓட்டறவங்களுக்கு இதுதான் முதல்ல. ஒத்தைக்கால் ஸ்டாண்டு வேண்டவே வேண்டாம். ரெண்டு கால், பெட்டி அகலத்துக்கு விரிஞ்சு, பாரத்தோட நடுவுக்கு கீழ வரணும். குழந்தைங்க ஒரு பக்க விளிம்புல கால் வெச்சு தானா ஏறுவாங்க, அப்போ வண்டி சாயக்கூடாது. என்னோட பழைய ஸ்டாண்டு குறுகலா இருந்துச்சு, ஒரு நாள் பெரியவன் ஏறும்போது வண்டி அப்படியே சாஞ்சு அவன் கை சிராய்ச்சுடுச்சு. அன்னைக்கே மாத்தினோம்.

நெடுவால்:

அக்கா சொல்றது சரி, ஆனா முதல் தடவை செய்யறவருக்கு நான் பின்நீட்டுதான் சொல்லுவேன், காரணம் ஸ்டியரிங். முன்பெட்டியில ஹேண்டில்பாருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு கம்பி, ரெண்டு மூட்டு இருக்கு, அதுல ஒரு போல்ட் கழண்டா குழந்தையோட கீழ போகணும். பின்நீட்டுல முன்பக்கம் முழுக்க சாதாரண சைக்கிள், அதுல கையே வைக்க வேண்டாம்.

1990-கள்ல ராஸ் எவன்ஸ்னு ஒருத்தர் நிகரகுவாவுல வேலை செஞ்சப்ப கிடைச்ச யோசனைதான் இது. பின்னாடி 1998-ல எக்ஸ்ட்ராசைக்கிள்னு ஆரம்பிச்சு ஃப்ரீராடிக்கல்னு ஒரு துண்டு ஃபிரேமா வித்தாங்க, சாதாரண சைக்கிளோட பின் டிராப்அவுட்ல (பின் ஆக்சில் உக்கார்ற காடி) போல்ட் போட்டு முடுக்கினா பின் சக்கரம் சுமார் 15 இஞ்ச் பின்னாடி போயிடும். பாரம் உங்களுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல உக்காரும், முன் சக்கரம் லேசாகாது. உங்க இப்போதைய பிரச்சனைக்கு நேரடி மருந்து அதுதான். வெல்டிங்கே இல்லாம போல்ட்ல ஒண்ணு செஞ்சு பார்த்துட்டு பிடிச்சா மேல போகலாம். செயின் ஒண்ணரை நீளம் வேணும், கியர் கேபிளும் பிரேக் கேபிளும் நீளமா வாங்கணும், அவ்வளவுதான். இப்பவே அகலக்கால் வைக்க வேண்டாமேன்னு பார்க்கறேன்.

பின் சக்கரத்துல மட்டும் சிக்கனம் பண்ணாதீங்க. 36 ஸ்போக், நல்ல ரெட்டைச் சுவர் ரிம், டயர் 2 இஞ்சுக்கு குறையாம. ஸ்போக்கு பாரத்தால ஒரேயடியா அறுந்து போறதில்ல, லூசா இருக்கிற ஸ்போக்கு ஒவ்வொரு சுத்துக்கும் தளர்ந்து இறுகி தளர்ந்து இறுகி, ஹப் கிட்ட வளைவுல களைச்சுப் போய் அறும். கோட்டம் எடுத்தாச்சுன்னு விட்டுடாதீங்க, ஒரே பக்கத்து ஸ்போக்கை எல்லாம் வரிசையா விரலால சுண்டிப் பாருங்க, சத்தம் ஒரே மாதிரி வரணும். ஒண்ணு மட்டும் மந்தமா கேட்டா அதுதான் அடுத்து போகப்போறது.

சுமைதாங்கி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அட்டைச் சுருளை வெட்டி முறுக்கிப் பார்த்தேன், எல் ஆங்கிளை ஓரமா வெச்சுட்டேன். வாசல்ல அளந்தும் பார்த்தேன், 2.6 மீட்டர் தாராளமா இருக்கு, திருப்பவும் முடியும்.

நெடுவால் சொன்னதை ரெண்டு நாள் யோசிச்சேன், நியாயமான பயம்தான். ஆனா குழந்தை முன்னாடி இருக்கணும்னு வீட்ல ரெண்டு பேருக்கும் தோணிடுச்சு, அதனால முன்பெட்டிதான். அவசரம் இல்ல, எவ்வளவு நாள் ஆனாலும் சரி. அந்த ஸ்டியரிங் கம்பியை எப்படி பயமில்லாம செய்யறது, என் ஆர்க் மெஷின் இதுக்கு ஆகுமா, பிரேக் என்ன போடறது, இந்த மூணும் யாராவது சொல்லுங்க.

வெண்காரம்:

வெல்டிங் பத்தி நான் சொல்றேன், வேலையே அதுதான்.

ஆர்க்ல 1 மி.மீ, 1.2 மி.மீ சுவர் குழாயை பத்த வெச்சா ஓட்டை விழும், விழலேன்னாலும் ஓரத்துல அரிச்சுக்கிட்டு போய் பின்னாடி அங்கதான் விரிசல் வரும். ஆர்க்தான் உங்ககிட்ட இருக்குன்னா சுவர் 2 மி.மீ எடுங்க, மெல்லிய ராடு போடுங்க. 50 மி.மீ குழாய் 2 மி.மீ சுவர்னா மீட்டருக்கு 2.4 கிலோ கிட்ட வரும், 1.2-ஐ விட மீட்டருக்கு ஒரு கிலோ அதிகம், உங்க வண்டி முழுக்க ரெண்டு மூணு கிலோ கூடலாம். 40 கிலோ ஏத்தற வண்டியில அது பெரிய விஷயம் இல்ல.

ஆனா கேஸ் செட் கிடைச்சா பித்தளை ராடு போட்டு பிரேசிங் பண்றதுதான் என் மனசுக்குப் பிடிச்சது. பித்தளை 900 டிகிரி பக்கத்துல உருகி ஓடும், இரும்பு உருக 1,450 டிகிரிக்கு மேல வேணும், அதனால குழாய் உருகாது, ஓட்டை விழாது, தப்பு பண்ணினா திரும்ப சூடாக்கி எடுத்துடலாம். வெண்காரம் நல்லா பூசணும், இரும்பு ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் ராடைத் தொட்டா தானா ஓடணும். குமிழ் குமிழா உக்கார்ந்தா சூடு பத்தலேன்னு அர்த்தம், இல்லேன்னா அழுக்கு இருக்கு.

ரெண்டுக்குமே பொருத்தம் முக்கியம். குழாய் குழாய்மேல உக்கார்ற இடத்தை மீன்வாய் மாதிரி அரத்தால ராவி எடுக்கணும், வெளிச்சத்துல பிடிச்சா இடுக்குல வெளிச்சம் தெரியக்கூடாது. கேட்டு வேலையில இடுக்கை ராடாலயே ரொப்பிடுவோம், கிரில்லுக்கு அது போதும், இங்க போதாது. ராவறது பத்து மடங்கு நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

துத்தநாகம் பூசின ஜிஐ பைப்பை அப்படியே பத்த வைக்காதீங்க. அந்த வெள்ளைப் புகையை சுவாசிச்சா ராத்திரி குளிர் ஜுரம் வந்து ஆடிப் போயிடுவீங்க, எனக்கு வந்திருக்கு. கறுப்பு பைப் வாங்குங்க, வேற வழியே இல்லேன்னா பூச்சை முழுக்க நீக்கிட்டு காத்தோட்டமான இடத்துல மாஸ்க் போட்டு பண்ணுங்க.

நேர்கோடு பார்க்க பெரிய ஜிக் (ஃபிரேமை நேரா பிடிச்சு வைக்கிற சட்டம்) எல்லாம் வேண்டாம். நேரான கனமான சேனல் ஒண்ணை தரையில மட்டம் பார்த்து வெச்சு அதுமேல கட்டுங்க (சேனலுக்கு இதுதான் சரியான வேலை). முதல்ல புள்ளி புள்ளியா டாக் மட்டும். ரெண்டு சக்கரத்தையும் மாட்டி பின் சக்கரத்தோட ரெண்டு பக்கமும் முன்னாடி வரைக்கும் நூல் பிடிங்க, முன் சக்கரம் ரெண்டு நூலுக்கும் சரி நடுவுல வரணும். ஹேண்டில்பார் குழாய்க்கும் முன் ஃபோர்க் குழாய்க்கும் பக்கவாட்டுல தூக்குக்குண்டு விட்டுப் பாருங்க. முழுசா பத்த வைக்கும்போது இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம்னு மாத்தி மாத்தி போங்க, ஒரே பக்கமா ஓட்டினா வெப்பம் இழுத்து வளைச்சுடும்.

பட்டறைவாசி:

ஸ்டியரிங்கும் பிரேக்கும் நான் எடுத்துக்கறேன்.

இந்த முன்பெட்டி அமைப்புக்கு லாங் ஜான்னு பேரு, டென்மார்க்ல 1920-கள்லயே வந்தது, நூறு வருஷமா அந்த கம்பி வேலை செய்யுது, அதனால கம்பின்னாலே பயப்பட வேண்டாம், ஒழுங்கா செய்யணும், அவ்வளவுதான். ஹேண்டில்பார் குழாயோட அடியில ஒரு கை, முன் ஃபோர்க்ல ஒரு கை, ரெண்டும் ஒரே பக்கம், ஒரே நீளம், நடுவுல கம்பி. வண்டி நேரா இருக்கும்போது ரெண்டு கையும் கம்பிக்கு செங்குத்தா இருந்தா நீங்க திருப்பற அளவுக்கே சக்கரமும் திரும்பும். ரெண்டு ஸ்டியரிங் குழாயும் ஒரே சாய்வுல இருந்தா இன்னும் சுத்தமா வேலை செய்யும். கம்பி முனையில உருண்டை இருக்கிற ராட் எண்ட், 8 மி.மீ போல்ட்டுக்கு குறையாம, நைலான் நட், ராட் எண்டுக்குப் பின்னாடி லாக் நட். உருண்டையோட கூட்டை விட பெரிய வாஷர் ஒண்ணை போல்ட் தலைக்கு கீழ போடுங்க, மூட்டு தேய்ஞ்சு உருண்டை வெளிய வந்தாலும் கம்பி போல்டை விட்டு கழண்டு போகாது. நெடுவால் சொன்ன பயத்துக்கு பதில் அந்த நைலான் நட்டும் வாஷரும்தான். கடைசி கோடி வரைக்கும் திருப்பினா கையும் கம்பியும் ஒரே கோட்டுல வந்துடக்கூடாது, அதுக்கு முன்னாடியே நிக்கிற மாதிரி ஃபிரேம்ல ஒரு தடை பத்த வெச்சிடுங்க.

முன் ஃபோர்க் சாய்வு 70 டிகிரி, டயரோட சேர்த்து சக்கர ஆரம் 250 மி.மீ, ஃபோர்க் முன் தள்ளல் 30 மி.மீன்னா டிரெயில் (ஸ்டியரிங் கோடு தரையைத் தொடற இடத்துக்கும் டயர் தரையைத் தொடற இடத்துக்கும் உள்ள தூரம்) சுமார் 60 மி.மீ வரும், எனக்கு அது காலியாவும் பாரத்தோடவும் நல்லா இருந்துச்சு. குழந்தைங்க சைக்கிள் ஃபோர்க்கை அப்படியே போடாதீங்க. அது 20 கிலோ பிள்ளைக்கு செஞ்சது, டிஸ்க் பிரேக் பிடிக்கிற இடமும் இருக்காது. டிஸ்க்குக்குன்னு செஞ்ச 20 இஞ்ச் ஃபோர்க், முடிஞ்சா த்ரூ ஆக்சிலோட (ஃபோர்க் ஓட்டை வழியா முழுசா ஊடுருவிப் போற தடிமனான ஆக்சில்), இது ஒண்ணை மட்டும் புதுசா வாங்குங்க.

பிரேக் ரெண்டும் டிஸ்க், ஹைட்ராலிக்னா நல்லது. நீங்க, வண்டி, குழந்தை, பாரம் எல்லாம் சேர்ந்தா 170, 180 கிலோ வரும், வெறும் சைக்கிள்ல நீங்க மட்டும் போறதை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதே வேகத்துல நிறுத்த ரெண்டு மடங்கு வேலை. நீள வண்டியில பின் சக்கரம் தூக்காது, அதனால பாரம் இருக்கும்போது முன் பிரேக்கை தைரியமா பிடிக்கலாம், தலைகுப்புற போக மாட்டீங்க. ஆனா காலியா இருக்கும்போது உங்க எடை எல்லாம் பின்னாடிதான் இருக்கும், ஈரத் தரையில முன் சக்கரம் சட்டுனு பூட்டி வழுக்கும். தினமும் காலியாவும் ஓட்டப்போறீங்க, அதனால இதை கைக்கு பழக்கிக்கோங்க.

கியர்ல மேல் வேகத்தைப் பத்தி கவலையே வேண்டாம், முன்னாடி 32 பல், பின்னாடி பெரிய பல் 36, 40ன்னு போங்க. பாரத்தோட நின்னு கிளம்பும்போது முதல் ரெண்டு மிதியிலதான் வண்டி தள்ளாடும், அப்போ லேசான கியர்தான் கைகொடுக்கும்.

நெடுவால்:

அந்த வாஷர் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி அண்ணே. மூணு மாசத்துக்கு ஒரு தடவை கம்பியைப் பிடிச்சு ஆட்டி, மூட்டுல ஆட்டம் இருக்கான்னு பாருங்க. வெல்டிங்கை சுத்தி பெயிண்ட்ல முடி மாதிரி கோடு தெரிஞ்சா அதை விரிசல்னே எடுத்துக்கோங்க, சுரண்டிப் பார்க்காம ஓட்டாதீங்க.

சுமைதாங்கி:

நாலு மாசம் கழிச்சு வந்திருக்கேன், மன்னிச்சுக்கோங்க.

முதல்ல மரச்சட்டத்துலயே முழு அளவுல ஒரு மாதிரி செஞ்சு தரையில வெச்சு உக்கார்ந்து பார்த்தேன், அதுல ஒரு தப்பு தெரிஞ்சுது, ஹேண்டில்பாரை கடைசி வரைக்கும் திருப்பினா முட்டியில இடிச்சுது, ஹேண்டில்பார் குழாயை 6 செ.மீ முன்னாடி தள்ளினேன். இரும்புல கை வெச்சதுக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா அழுதிருப்பேன்.

முதுகெலும்புக்கு 50 மி.மீ, 2 மி.மீ சுவர், கறுப்பு பைப். வேண்டாத துண்டுல 11 மூட்டு பத்த வெச்சு, வெட்டி உள்ள பார்த்து, அப்புறம்தான் ஃபிரேமை தொட்டேன். ஹேண்டில்பார் குழாயும் முன் ஃபோர்க் குழாயும் சேர்ற இடம் ரெண்டையும் மட்டும் பக்கத்துல கேஸ் செட் வெச்சிருக்கிறவர்கிட்ட கொண்டுபோய் பித்தளையில பண்ணிக்கிட்டேன். நூல் பிடிச்சப்போ முன் சக்கரம் 4 மி.மீ தள்ளி இருந்துச்சு, டாக்கை அறுத்து மறுபடி வெச்சு 1 மி.மீக்கு கொண்டு வந்தேன். மொத்தம் 33 கிலோ வந்திருக்கு.

முறுக்கத்தை சோதிக்க பின் பக்கத்தை இறுக்கிப் பிடிச்சுட்டு முன் குழாய்ல ஒரு மீட்டர் கம்பி குறுக்க கட்டி அது முனையில 10 கிலோ தொங்க விட்டேன், கம்பி முனை 2 செ.மீ கூட இறங்கல. அதே சோதனையை எம்டிபியோட பழைய கேரியர்ல பண்ணிப் பார்த்தேன், 10 செ.மீக்கு மேல போச்சு.

மூணு வாரமா மூட்டை வெச்சு ஓட்டினேன். நேத்துதான் சின்னவளை முதல் தடவை ஏத்தினேன். ஸ்டாண்டு பெட்டி அகலத்துக்கே இருக்கு, விளிம்புல நின்னு அவளே ஏறி உக்கார்ந்துக்கிட்டா.

ரெண்டுபெடல்:

படிக்கவே சந்தோஷமா இருக்கு. பெல்ட் போட மறக்காதீங்க, ரெண்டு தோள்லயும் வர்ற மாதிரி, பெட்டிப் பலகையில இல்லாம அடி ஃபிரேம்லயே போல்ட் போட்டது. குழந்தையோட கை பெட்டிக்கு வெளிய நீட்டினா முன் சக்கரத்துக்கு எட்டுதான்னு ஒரு தடவை உக்கார வெச்சு பாருங்க, எட்டினா மட்கார்டை பின்னாடி நீட்டிடுங்க. நாங்க அதை ரெண்டாவது மாசம்தான் கவனிச்சோம்.